இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளியில் முதல் டெர்ம்: செப்டம்பர் முதல் கிறிஸ்துமஸ் வரை

வேலை விசாவில் பல குடும்பங்கள் கோடையில்தான் இங்கிலாந்து வந்து இறங்குகின்றன. வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு, ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு என்று அலைந்து முடிப்பதற்குள் செப்டம்பர் வந்துவிடும், பள்ளியும் திறந்துவிடும். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு வரை ஓடும் அந்த இலையுதிர் டெர்மை எப்படிக் கடப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. சொல்வதெல்லாம் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளுக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்தில் பள்ளி ஆகஸ்டிலேயே திறந்துவிடும், விதிகளும் வேறு.

ஊரில் பள்ளி என்றாலே பாடமும் மதிப்பெண்ணும்தான் மனத்தில் ஓடும். இங்கே தொடக்கப் பள்ளியில் ரேங்க் கிடையாது, மாதத் தேர்வு கிடையாது, முதுகு வளைய புத்தக மூட்டையும் கிடையாது. பாடத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். பெற்றோர் தலையில் விழும் வேலை வேறு: பள்ளி அனுப்பும் செய்தியை ஒழுங்காகப் படிப்பது, என்றைக்கு எதைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று பார்ப்பது, புரியாததைக் கூச்சப்படாமல் கேட்பது. இந்த டெர்மில் வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை படிக்காமல் விட்ட ஏதோ ஒரு மின்னஞ்சலில்தான் போய் முடியும்.

இடம் வாங்குவது

ஊரில் எந்த வகுப்பு படித்தான் என்பது இங்கே கணக்கில் வராது. பிறந்த தேதிதான் எல்லாம். செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. ஆகஸ்ட் 31-க்குள் நான்கு வயது முடிந்த பிள்ளை செப்டம்பரில் ரிசெப்ஷன் என்ற முதல் வகுப்புக்குப் போகும், ஐந்து முடிந்தால் இயர் 1, அப்படியே பத்து முடிந்தால் இயர் 6. “நல்லாப் படிப்பான், ஒரு வகுப்பு மேலே போடுங்கள்” என்று கேட்டுப் பயனில்லை.

டெர்ம் தொடங்கிய பிறகோ நடு வகுப்பிலோ சேர்ப்பதை இன்-இயர் அட்மிஷன் என்பார்கள். உங்கள் ஊர் நிர்வாகமான கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்பம் இருக்கும். சில ஊர்களில் நேரே பள்ளியிடமே கொடுக்க வேண்டும். பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் சான்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தமோ கவுன்சில் டாக்ஸ் ரசீதோ போதும். கட்டணம், நன்கொடை, நுழைவுத் தேர்வு எதுவும் இல்லை. விசாவில் “பொது நிதி உதவி இல்லை” என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அரசுப் பள்ளிப் படிப்பு அந்தக் கணக்கில் வராது.

பக்கத்துப் பள்ளி நிரம்பியிருந்தால் கொடுத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, வேண்டிய பள்ளியின் காத்திருப்புப் பட்டியலிலும் பெயரைப் போட்டு வையுங்கள். பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டையே மாற்றுகிறவர்கள் நம்மவர்களில் நிறைய. என்னைக் கேட்டால், நவம்பர் மழையில் நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருப்பதற்குத்தான் நான் முதல் மதிப்பெண் தருவேன்.

சேர்க்கைப் படிவத்தில் பெயர்க் கட்டங்களை நிதானமாக நிரப்புங்கள். நம் பாஸ்போர்ட்டுகளில் அப்பா பெயர் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது. படிவத்தை நிரப்பியபடியே பள்ளி பதிந்துகொண்டால் செப்டம்பர் முழுக்க உங்கள் மகளை அவள் அப்பா பெயரால் கூப்பிட்டாலும் ஆச்சரியமில்லை. சட்டப்படியான பெயருக்குக் கீழே, எப்படி அழைக்க வேண்டும் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அங்கே வீட்டுப் பெயரை எழுதி, முதல் நாள் டீச்சரிடம் அசை பிரித்து ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் சரியாகச் சொல்லத்தான் விரும்புகிறார்கள்.

வாங்க வேண்டியதும் பழக்க வேண்டியதும்

சாம்பல் நிறக் கால்சட்டை அல்லது பாவாடை, வெள்ளைப் போலோ சட்டை, பள்ளி நிறத்தில் ஜம்பர் (ஸ்வெட்டர்), கறுப்பு ஷூ. பெரும்பாலும் இவ்வளவுதான். பள்ளிச் சின்னம் போட்டது ஏதாவது ஒன்று கட்டாயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ஆஸ்டா, டெஸ்கோ போன்ற கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பள்ளியின் பெற்றோர் சங்கம் பழைய யூனிஃபார்ம் விற்கும் அல்லது சும்மாவே கொடுக்கும். தயங்காமல் வாங்குங்கள், இங்கே அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. சின்னப் பிள்ளைக்கு லேஸ் வைத்த ஷூ வேண்டாம், ஒட்டும் பட்டி உள்ளதே நல்லது. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், ஒற்றைச் சாக்ஸில்கூட. ஒரே நிறத்தில் முப்பது ஜம்பர் ஒரே தரையில் கிடக்கும் இடம் அது.

கடையில் கிடைக்காத இரண்டு விஷயங்களை ஆகஸ்டிலேயே பழக்க வேண்டும். ஒன்று கழிப்பறை. இங்கே தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். வீட்டில் கழுவிவிட்டே பழகிய நான்கு வயதுப் பிள்ளை அங்கே போய் விழிக்கும், வெட்கப்பட்டு மாலை வரை அடக்கிக்கொண்டும் இருக்கும். காகிதத்தால் துடைக்க வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். ஈரத்தாள் கொடுத்தனுப்பலாமா என்று டீச்சரிடம் கேளுங்கள், சரி என்றால் அதைக் குப்பையில்தான் போட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். இன்னொன்று முள்கரண்டியும் கத்தியும். கையால் சாப்பிட்டால் யாரும் திட்டப் போவதில்லை, ஆனால் பக்கத்துப் பிள்ளை பார்க்கிற பார்வையில் நம் பிள்ளை சாப்பாட்டையே நிறுத்திவிடும்.

ஆங்கிலம் சுத்தமாக வராத பிள்ளை என்றால் ஐந்தாறு சொல் போதும்: தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது, உதவி, நிறுத்து. மற்றது தானாக வரும். சில பிள்ளைகள் முதல் சில மாதம் வகுப்பில் வாயே திறக்காது. டீச்சர்களுக்கு இது பழகிய விஷயம். காதால் வாங்கிக்கொண்டிருக்கும், ஒரு நாள் முழு வாக்கியமாகக் கொட்டும். அதற்குப் பயந்து வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். பள்ளியே அதை விரும்புவதில்லை. லண்டனிலும் சுற்றுப்பக்கத்திலும் ஈழத்துக் குடும்பங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளிலும் புது வகுப்புகள் செப்டம்பரில்தான் தொடங்கும். விஜயதசமியும் இந்த டெர்முக்குள் வந்துவிடும், இங்குள்ள கோயில்களில் ஏடு தொடக்குவார்கள்.

முதல் வாரங்கள்

ரிசெப்ஷன் பிள்ளைகளைப் பல பள்ளிகள் முதல் நாளே முழு நேரம் எடுப்பதில்லை. சில நாள் காலை மட்டும், அப்புறம் மதியச் சாப்பாடு வரை, பிறகுதான் முழு நாள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் அந்தத் தேதிகளைக் கோடையிலேயே கேட்டு விடுப்பு எழுதிக்கொடுங்கள். அதே கையோடு இன்செட் நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பயிற்சிக்காக ஆண்டுக்கு ஐந்து நாள் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது. டெர்மின் முதல் நாளே பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான், நாட்காட்டி சிவப்பில் காட்டாது.

காலையில் கதவு எட்டே முக்கால் வாக்கில் திறந்து சில நிமிடத்தில் மூடிவிடும். பிந்தினால் அலுவலகம் வழியாகப் போய்க் காரணம் எழுத வேண்டும். மாலை மூன்றேகால், மூன்றரைக்கு முடியும். யார் கூட்டிப்போவார் என்று எழுதிக்கொடுத்த ஆட்களிடம் மட்டுமே சின்னப் பிள்ளைகளை விடுவார்கள். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருந்தால் அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேரனே ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் டீச்சர் விட மாட்டார்.

காய்ச்சல் என்றால் காலையிலேயே தொலைபேசியில் அல்லது செயலியில் சொல்லிவிட வேண்டும். வாந்தி பேதி என்றால் நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் அனுப்பலாம். சளி, இருமலுக்கெல்லாம் யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. பேன் பற்றிய கடிதம் ஒன்று இந்த டெர்மில் எப்படியும் வந்து சேரும். எந்த நாட்டிலும் பேன் பேன்தான். ஈர்வலி சீப்பு ஒன்று ஊரிலிருந்து வாங்கி வாருங்கள்.

வீட்டுக்கு வரும் முதல் வாசிப்புப் புத்தகத்தில் எழுத்தே இல்லாமல் படம் மட்டும் இருக்கலாம். படத்தைப் பார்த்துக் கதை சொல்ல வைப்பதுதான் பயிற்சி. தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. ஃபோனிக்ஸ் தொடங்கியதும் நம் பழக்கம் குறுக்கே வரும். நாம் எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்து வளர்ந்தவர்கள், இங்கே முதலில் ஒலி. “எஸ்” இல்லை, “ஸ்ஸ்ஸ்”. “எம்” இல்லை, “ம்ம்ம்”. “ம” என்று உயிர் சேர்த்தும் சொல்லக் கூடாது, சேர்த்தால் எழுத்துக் கூட்டும்போது சொல் உடைந்துவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு இது ஒரு நிமிட வேலை. படித்ததும் வாசிப்புப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், டீச்சர் உண்மையிலேயே பார்ப்பார்.

ரிசெப்ஷனில் முதல் ஆறு வாரத்துக்குள் பேஸ்லைன் என்று ஒரு சின்ன மதிப்பீடு நடக்கும். டீச்சர் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பொம்மை, படம் வைத்துக் கேட்பார். இதில் பாஸ், ஃபெயில் இல்லை, அதற்கு டியூஷனும் தேவையில்லை.

சாப்பாடு

ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு 2014 செப்டம்பரிலிருந்து இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. லண்டனில் மேயரின் நிதியில் 2023 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளின் மற்ற வகுப்புகளுக்கும் உண்டு. மற்ற ஊர்களில் இயர் 3 முதல் வருமானத்தைப் பொறுத்தது. சைவம் ஒவ்வொரு நாளும் இருக்கும், ஆனால் நம் சைவத்தில் முட்டை இல்லை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டப்பா கட்டிக்கொடுத்தால் கொட்டை வகை கூடவே கூடாது. அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அது உயிர்ப் பிரச்சினை. கடலை மிட்டாய் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெண்பொங்கலில் போட்ட முந்திரி, நிலக்கடலைச் சட்னி, கடலை அரைத்த பொடி தடவிய இட்லி, இதெல்லாம்தான் மறதியாகப் போய்ச் சேரும். சில பள்ளிகள் எள்ளையும் வேண்டாம் என்கின்றன. எலுமிச்சைச் சாதத்தில் கடலை இல்லாமல் தாளிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், டிசம்பருக்குள் அதுவே பழகிவிடும்.

அக்டோபர்

அறுவடை விழாவில் இந்த மாதம் சூடுபிடிக்கும். ஹார்வெஸ்ட் என்று செய்தி வந்தால் பொங்கல் மாதிரி ஏதோ என்று நினைத்துக் காய்கறி வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் கெட்டுப்போகாத பொருள்தான் கேட்பார்கள்: தகரத்தில் அடைத்த பீன்ஸ், சூப், பாஸ்தா. அது ஏழைகளுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் பக்கத்து ஃபுட் பேங்குக்குப் போகும். பள்ளிப் புகைப்படக்காரர் வருவதும் பெரும்பாலும் இந்த டெர்மில்தான். அன்று யூனிஃபார்ம் துவைத்திருக்க வேண்டும், படம் வாங்குவது உங்கள் இஷ்டம்.

ஃப்ளூ தடுப்பு மருந்துக்குச் சம்மதம் கேட்டு இணைப்பு வரும். மூக்கில் தெளிப்பது, வலிக்காது. அதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு. சைவமோ இஸ்லாமோ, அது உங்களுக்குச் சங்கடம் என்றால் மறுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், ஜெலட்டின் இல்லாத ஊசியைக் கேளுங்கள்.

பிள்ளை இயர் 6 என்றால் வேறு எதை மறந்தாலும் அக்டோபர் 31-ஐ மறக்காதீர்கள். அடுத்த செப்டம்பரில் போகும் மேல்நிலைப் பள்ளிக்குக் கவுன்சிலில் விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாள். இப்போதைய பள்ளி உங்களுக்காக விண்ணப்பிக்காது. மார்ச் 1-இல் முடிவு வரும். தேதி தப்பினால் நல்ல பள்ளிகளில் மிச்சம் மீதிதான்.

தீபாவளி இந்த டெர்மில்தான் வரும், சில ஆண்டு ஹாஃப் டெர்ம் என்ற நடு டெர்ம் விடுமுறைக்குள்ளேயே விழும். 2026-இல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, கவலையில்லை. பள்ளி நாளில் விழுந்தால் மத வழிபாட்டு நாள் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள், அன்றைய வராமையை அனுமதி பெற்றதாகவே பதிவார்கள். பண்டிகை நாள் ஒன்றுக்குத்தான் இது, அதை ஒட்டி நான்கு நாள் சேர்த்துக்கொள்ள முடியாது. வகுப்பில் வந்து தீபாவளி பற்றிப் பேச முடியுமா என்று டீச்சர் கேட்டால் போங்கள். அவர்களிடம் இருக்கும் பாடத்தில் அநேகமாக ராமர் அயோத்திக்குத் திரும்பிய கதைதான் இருக்கும். நரகாசுரனும் விடிகாலை எண்ணெய்க் குளியலும் அவர்களுக்குப் புதிது. ஐந்து வயதுக் கூட்டத்துக்கு அசுரன் கதைதான் பிடிக்கும். இனிப்பு கொண்டுபோவதற்கு முன்பு கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் ஹாஃப் டெர்ம் விடுமுறை, சில கவுன்சில்களில் இரண்டு வாரம். வேலைக்குப் போகிறவர்கள் ஹாலிடே கிளப்பில் முன்பே இடம் பிடியுங்கள்.

லீவு போட்டு ஊருக்குப் போவது

தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. டிசம்பரில் டிக்கெட் விலையைப் பார்த்ததும், பள்ளி முடிய ஒரு வாரம் முன்பே கிளம்பினால் என்ன என்று தோன்றும். ஐந்து நாள் என்பது இங்கே பத்து வேளை, காலை ஒன்று, மாலை ஒன்று. பத்துப் பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாமல் பத்து வேளை போனால் அபராதம் போடும் கட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். 2024 ஆகஸ்டிலிருந்து தொகை 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இது ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு. இரண்டு பிள்ளை, அப்பா அம்மா இருவருக்கும் என்றால் 320 பவுண்டில் தொடங்கும். மூன்று ஆண்டுக்குள் இரண்டாம் முறை என்றால் நேராக 160. கல்யாணம், காதுகுத்து என்று கேட்டால் தலைமை ஆசிரியர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. நெருங்கிய உறவில் சாவு என்றால் வேறு, உடனே பேசுங்கள், மனிதாபிமானத்தோடு பார்ப்பார்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிள்ளை திரும்பி வந்து, தாத்தா வீட்டில் ஆட்டுக்குட்டியைப் பார்த்த கதையை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடும்.

நவம்பர்

அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். அதன் பிறகு பிள்ளை வெளியே வரும்போதே வெளிச்சம் மங்கியிருக்கும், டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்குள் சூரியன் அடங்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு கட்டாயம். லேசான தூறலுக்கெல்லாம் பிள்ளைகளை உள்ளே வைத்திருக்க மாட்டார்கள்.

இந்த மாதம் முழுக்க சின்னச் சின்ன நாட்கள். பதினொன்றாம் தேதி போரில் இறந்தவர்கள் நினைவுநாள், அதை ஒட்டிப் பள்ளியிலேயே சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பாப்பிப் பூ விற்பார்கள், கொஞ்சம் சில்லறை கொடுத்தனுப்புங்கள். கொடுமைப்படுத்துதலுக்கு எதிரான வாரத்தில் ஒரு நாள் ஜோடி சேராத சாக்ஸ் போட்டுப் போக வேண்டும். பிபிசி நடத்தும் சில்ட்ரன் இன் நீட் வசூலுக்கு ஒரு நாள் யூனிஃபார்ம் இல்லாமல், புள்ளி போட்ட உடை. இதில் எதையும் கடையில் போய் வாங்க வேண்டாம், வெள்ளைச் சட்டையில் வண்ணத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டினாலே போதும். ஆனால் நாளை மறந்து பிள்ளையை யூனிஃபார்மில் அனுப்பிவிட்டால் அன்றைக்கு அழுகைதான்.

வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு இதற்குத்தான் உதவும். சேருங்கள், சத்தத்தை அணைத்து வையுங்கள். அங்கே வரும் வம்பை விட்டுவிட்டு, முந்தின நாள் இரவு “நாளை என்ன?” என்று யாராவது கேட்கும் கேள்வியை மட்டும் படியுங்கள். பதிலில் சந்தேகம் இருந்தால் பள்ளி அனுப்பியதே முடிவு.

பெற்றோர் சந்திப்பு அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். பத்து நிமிடம்தான், முன்பதிவு செய்ய வேண்டும், நல்ல நேரங்கள் முதல் நாளே போய்விடும். இங்குள்ள டீச்சர்கள் குறையைப் பஞ்சில் சுற்றித்தான் தருவார்கள். “ரொம்பக் கலகலப்பான பையன், சில சமயம் கவனத்தை இன்னும் கொஞ்சம் செலுத்தலாம்” என்றால், வகுப்பில் ஒரே பேச்சு என்று அர்த்தம். ஆகவே நேராகக் கேளுங்கள்: வயதுக்கு எதிர்பார்க்கிற இடத்தில் இருக்கிறானா, எந்த ஒன்றில் பின்தங்கியிருக்கிறான், வீட்டில் நான் என்ன செய்யட்டும்? அப்புறம் ஒன்று, விளையாட்டு நேரத்தில் யாரோடு இருக்கிறான்? தனியாக நிற்கிறான் என்றால் அதைப் பற்றித்தான் மீதி நேரமும் பேச வேண்டும், கணக்குப் பாடம் காத்திருக்கும். வகுப்பில் எத்தனையாவது என்று மட்டும் கேட்காதீர்கள், டீச்சரிடம் பதில் இருக்காது.

டிசம்பர்

பாடம் மெதுவாகிப் பாட்டு தொடங்கிவிடும். சின்ன வகுப்புகள் ஏசு பிறப்பு நாடகம் போடுவார்கள். மேரியும் ஜோசஃபும் ஆளுக்கொருவர்தான், மற்ற எல்லோரும் ஆடு, நட்சத்திரம், தேவதை. ஆடு வேடம் கிடைத்தது என்று மனம் கோணாதீர்கள், கூட்டம் ரசிப்பதே ஆடுகளைத்தான். உடை கேட்டால் வெள்ளை பனியனும் பஞ்சும் போதும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு சீட்டு என்பது போல அளவு இருக்கும். மற்றப் பிள்ளைகளும் படத்தில் வருவதால் பல பள்ளிகள் படம் எடுக்க விடாது, எடுத்தாலும் முகநூலில் போடக் கூடாது.

கூட்டு வழிபாட்டிலிருந்தும் சமயப் பாடத்திலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படி உண்டு. எனக்குத் தெரிந்த இந்துக் குடும்பங்கள் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. நாடகத்தை ஒரு கதையாகப் பார்த்துவிட்டு, வீட்டில் திருவெம்பாவை பாடுகிற பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன்.

கிறிஸ்துமஸ் ஜம்பர் நாள், கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு, பெற்றோர் சங்கத்தின் சந்தை என்று வரிசையாக வரும். சாப்பாட்டுக்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டும், வான்கோழி வேண்டாதவர்களுக்குச் சைவத் தட்டு உண்டு. சந்தையில் ஒரு மணி நேரம் கடை பார்த்துக்கொள்ள ஆள் கேட்பார்கள், கையைத் தூக்குங்கள். வாசலில் தலையாட்டலோடு நின்றிருந்த பழக்கம் அங்கேதான் பேச்சாக மாறும். சமோசா போட்டு விற்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், ஒரு தட்டும் மிஞ்சாது.

வகுப்பில் எல்லோருக்கும் வாழ்த்து அட்டை எழுதும் வழக்கம் உண்டு. கடையில் முப்பது அட்டை ஒரே பெட்டியாகக் கிடைக்கும், பெயர்ப் பட்டியலை டீச்சரிடம் வாங்கி இரவுக்கு ஐந்தாக எழுத வையுங்கள், எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. டீச்சருக்குப் பரிசு கட்டாயமில்லை. யாராவது ஒரு பெற்றோர் பொதுவாக வசூலிப்பார், அதில் கொஞ்சம் போட்டால் போதும்.

கடைசி நாள் பல பள்ளிகள் மதியமே விட்டுவிடும், நேரத்தைப் பார்த்துவையுங்கள். தொலைந்த ஜம்பரும் தண்ணீர் பாட்டிலும் கிடைக்க வேண்டுமென்றால் அன்றே போய்ப் பெட்டியில் தேடுங்கள், மிஞ்சியதை விடுமுறைக்குள் அகற்றிவிடுவார்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்து, அடுத்த செப்டம்பரில் ரிசெப்ஷன் போகும் வயது என்றால், அந்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15. அண்ணன் படிக்கும் பள்ளி என்பதால் இடம் தானாக வந்துவிடாது, விண்ணப்பிக்கத்தான் வேண்டும். விடுமுறையிலேயே கவுன்சில் இணையதளத்தில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.